மேன்மை தங்காத ராணி

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானும் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணும் 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்பர்னில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மன்னருக்கு வயது 39. மோலிக்கு 21 நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. "காதலுக்காக அரியணையைத் துறந்த மன்னர்" என்று இந்தக் கதையைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. எழுவாய் மன்னர். செயப்படுபொருள் அரியணை. மோலி எங்கே? 'காதலுக்காக' என்ற சொல்லில், நான்காம் வேற்றுமையின் சொல்லுருபுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறார்.

அந்த வாக்கியம் உண்மையும் இல்லை. மார்த்தாண்ட பைரவர் எதையும் துறக்கவில்லை. 1886இல் 10 வயதுச் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர், 1928 மே 28 அன்று பாரிஸில் இறக்கும்வரை ஏட்டில் புதுக்கோட்டையின் மன்னர் அவரே. ஆட்சிப் பொறுப்பு கைமாறியது. 1922இல் அவருடைய சகோதரர் ரீஜெண்ட் ஆனார். மன்னருக்குப் பணம் வந்தது, பட்டம் இருந்தது, பட்டத்தோடு ஒட்டிய மரியாதையும் ஒரு மாதிரி இருந்தது. கடைசிவரை பட்டம் கிடைக்காமல் போனது மோலிக்கு. அரியணையை இழந்தது அவர்களுடைய மகன். இழந்தவர்கள் இருவரும் வாக்கியத்துக்கு வெளியே நிற்க, இழக்காதவர் தியாகியாக நடுவில் நிற்கிறார். காதல் கதைகளை நாம் வாசிக்கும் முறையிலேயே இப்படி ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம்.

பிரச்சினை முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றி நடந்தது. ஆங்கிலத்தில் 'ஹைனஸ்'. நம் பழைய அரசு ஏடுகளின் நடையில் 'மேன்மை தங்கிய'. மன்னர் 'ஹிஸ் ஹைனஸ்' என்றால் அவர் மணந்த பெண் 'ஹெர் ஹைனஸ்' ஆக வேண்டும். பிரிட்டிஷ் அரசு அதைத் தர மறுத்தது. திருமணம் செல்லாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வழக்காடலாம். திருமணம் நடந்தது, ஆனால் அதன் விளைவுகள் நடக்காது என்பது அவர்கள் எடுத்த நிலை. மனைவிதான், ராணி இல்லை. மகன்தான், வாரிசு இல்லை. வீட்டுக்குள் வைத்துக்கொள், ஊருக்குக் காட்டாதே என்று நம் ஊரில் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசி முடிப்பார்களே, அதே தீர்ப்பு. இதை லண்டனிலும் சென்னைக் கோட்டையிலும் முத்திரைத்தாளில் எழுதினார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சொல்லை வைத்து இன்னொரு பெண்ணை வெளியே நிறுத்தினார்கள். 1936இல் எட்டாம் எட்வர்ட் உண்மையிலேயே முடி துறந்தார். அடுத்த ஆண்டு அவர் வாலிஸ் சிம்ப்சனை மணந்தபோது, கணவருக்கு 'ராயல் ஹைனஸ்' உண்டு, மனைவிக்குக் கிடையாது என்று அரசாணை வந்தது. அவர்களும் பிரான்சில்தான் போய் வாழ்ந்தார்கள். வாலிஸ் மணவிலக்குப் பெற்றவர் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். மோலி மணவிலக்குப் பெற்றவர் அல்ல. வெள்ளைக்காரி, மெல்பர்னின் வழக்கறிஞர் குடும்பத்துப் பெண், சித்தப்பா பெரியப்பாமார் பத்திரிகையிலும் அரசியலிலும் இருந்தார்கள். காரணம் எதுவானாலும் கருவி ஒன்றே. பெண்ணைத் தண்டிக்க ஒரு அடைமொழியை நிறுத்தி வைத்தால் போதும்.

*

மோலியின் கதையில் என்னைப் பிடித்து இழுப்பது காதல் பகுதி இல்லை. ஒருவரையொருவர் நம்பாத இரண்டு அதிகாரங்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எவ்வளவு எளிதாக ஒத்துப்போயின என்பதுதான்.

ஒரு பக்கம் பேரரசு. ஆங்கிலேய ஆண்கள் இந்தியப் பெண்களோடு கொண்ட உறவுகளுக்கு அதனிடம் ஒரு நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும். திசை மாறினால் தெரியாது. வெள்ளைப் பெண் ஒருத்தி இந்திய ஆணின் மனைவியாக, அவன் குழந்தைக்குத் தாயாக, அதுவும் தர்பாரில் வெள்ளை அதிகாரிகள் எழுந்து நின்று வணங்க வேண்டிய இடத்தில் உட்காருவது அதற்குத் தாங்கவில்லை. மோலி புறப்பட்டு வந்த ஆஸ்திரேலியாவிலும் 1901 முதல் 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை சட்டமாக இருந்தது. அவர் தம் ஊரைவிட்டு வந்ததால் அந்நியரானார் என்று சொல்ல முடியாது. திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அன்றே தம் ஊருக்கும் அந்நியராகிவிட்டார்.

மறுபக்கம் அரண்மனை. அங்கே நிறத்தைவிடச் சாதி பெரிது. பிறக்கப்போகும் பிள்ளை யாருடைய பிள்ளை, எந்தச் சடங்கில் உட்காரலாம், குலதெய்வத்தின் முன் நிற்கலாமா? வெள்ளை அதிகாரி 'இனம்' என்று சொன்னதை அரண்மனை உறவினர் 'குலம்' என்று சொன்னார். இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பெண்ணின் கருப்பை.

இத்தனைக்கும் புதுக்கோட்டை அரியணை அப்போது தந்தைவழிச் சங்கிலியாக வந்திருக்கவில்லை. மார்த்தாண்ட பைரவர், முந்தைய மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே அவரைத் தத்தெடுத்துப் பட்டத்துக்குரியவராக்கினார். மகள் வழியாக அரியணை கடந்துபோகலாம், ஆனால் மகள் உட்கார முடியாது. அவள் ஒரு வாய்க்கால். தண்ணீர் வயலுக்குத்தான் சொந்தம். தேவைப்படும்போது 'ரத்தம்' என்பதை வளைக்க இந்த அமைப்புக்குத் தெரியும் என்பதற்கு மன்னரே சான்று. பேரனை மகனாக்க முடிந்தது. 1928இல் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தத்து வாரிசாகத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்ட முடிந்தது. மன்னரின் சொந்த மகனை மட்டும் வாரிசாக்க முடியவில்லை. வாய்க்கால் வேற்று ஊரிலிருந்து வந்ததாம்.

அதுவும் யார் வளர்த்த மன்னர்? சிறுவனாக இருந்தபோது அவருக்கு கிராஸ்லி என்ற ஆங்கிலேய ஆசிரியரை வைத்தது அரசு. ஆங்கிலம், குதிரை, டென்னிஸ், விருந்து, ஐரோப்பியப் பயணம் எல்லாம் அந்தக் கல்வியின் பகுதி. நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியான தம் நூலுக்கு 'தி ஹாலோ கிரவுன்', உள்ளீடற்ற மகுடம், என்று பெயர் வைத்தார். புதுக்கோட்டையை முன்வைத்து எழுதப்பட்ட நூல் அது. ஆங்கிலேயர் அரசர்களை ஒழிக்கவில்லை. அரசின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அலங்காரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள் என்பது அதன் வாதம். நான் இதை மாணவிகளுக்கு எப்போதும் பரிந்துரைக்கிறேன், ஒரு குறையோடு. மகுடம் உள்ளீடற்றுப் போன கதையில் அந்த மகுடத்தின் நிழலில் இருந்த பெண்களுக்கு என்ன ஆனது என்று கேட்க அந்த ஆய்வுச் சட்டகத்தில் அதிகம் இடம் இல்லை. ஜோன் வாகோர்ன் 1994இல் எழுதிய 'தி ராஜாஸ் மேஜிக் கிளோத்ஸ்' நூலும் இதே புதுக்கோட்டையைப் பற்றியது. அரசனின் உடலில் ஏறும் ஆடையும் அணியும் எப்படித் தெய்வத்தன்மை ஆகின்றன என்று அது பார்க்கிறது. அதை வாசித்த பிறகு எனக்கு வந்த கேள்வி: ஆடை அரசனைத் தெய்வமாக்கும் என்றால், அதே ஆடையை உடுத்த மெல்பர்ன் பெண்ணை ஏன் அது ராணியாகக்கூட ஆக்கவில்லை? மந்திரம் துணியில் இல்லை போலிருக்கிறது.

மன்னருக்கு ஆங்கிலேயனாக வாழக் கற்றுக்கொடுத்தார்கள். ஆங்கிலேயன் செய்வதுபோல் ஒரு விடுதியில் சந்தித்த பெண்ணைக் காதலித்து மணந்ததும் இந்தியனாக இருக்கச் சொன்னார்கள். தண்டனையின் பெரும்பங்கு மட்டும் அந்தப் பெண்ணிடம் போனது.

*

மோலி புதுக்கோட்டையில் இருந்தது மிகக் குறைந்த காலம். 1915இன் பிற்பகுதியில் வந்தார், 1916இல் இருவரும் வெளியேறினார்கள். அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டார்கள். தாத்தா பெயரை வைப்பதுபோல் ஊர்ப்பெயரை நடுவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊரும் ஏற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு அது சரியான பெயர்தான் என்று தோன்றும் எனக்கு.

அவர் கருவுற்றிருந்தபோது அரளி கொடுத்துக் கொல்ல முயற்சி நடந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு 'ஒலியாண்டர்' என்பது கீழைநாட்டு அரண்மனைக் கதைகளில் வரும் ஒரு மர்ம நஞ்சு. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அரளி மர்மம் இல்லை. வேலியோரத்தில் பூக்கிறது. சாமிக்குப் பறிக்கிறோம். எந்த ஊரிலும் யாராவது ஒரு பெண்ணின் பெயரோடு 'அரளிவிதையை அரைச்சுக் குடிச்சுட்டா' என்ற வாக்கியம் ஒட்டியிருக்கும். பிறந்த பெண்சிசுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பேச்சிலும் அது வரும். மோலிக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படுவது அரண்மனைச் சூழ்ச்சி என்ற தனி அலமாரியில் இருக்க வேண்டியதில்லை. வேண்டாத கருவும் வேண்டாத மருமகளும் நம் மண்ணில் எந்தச் செடியின் அருகில் வைத்துப் பேசப்படுகின்றனவோ, அதே செடியின் அருகில்தான் அவரும் நின்றிருக்கிறார்.

அவருடைய வாழ்க்கையை முழுமையாக எழுதிய நூல் எட்வர்ட் டய்க்கரும் கோரலி யங்கரும் சேர்ந்து எழுதி 1991இல் வந்த 'மோலி அண்ட் தி ராஜா'. ஆவணங்களைத் தேடிச் சேர்த்த உழைப்பு மரியாதைக்குரியது. இதுபோன்ற ஒரு நூல் இல்லாமல் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்கவே முடியாது. ஆனாலும் தலைப்பைக் கவனியுங்கள். பெண்ணுக்குச் செல்லப்பெயர், ஆணுக்குப் பட்டம். எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க் என்ற முழுப்பெயர் உள்ளவர் 'மோலி' ஆகிறார். மார்த்தாண்ட பைரவர் பெயரே இல்லாமல் 'ராஜா' ஆகிறார். துணைத்தலைப்பில் இனமும் ராஜ்ஜியமும் இருக்க, இடையில் 'ரொமான்ஸ்' நுழைந்துவிடுகிறது. யங்கர் 2003இல் இந்திய மன்னர்களை மணந்த ஐரோப்பியப் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'விக்கெட் விமன் ஆஃப் தி ராஜ்', பொல்லாத பெண்கள். எள்ளலாக வைத்த பெயர் என்று தெரிகிறது. எள்ளல் அட்டையில் தெரியாது. புத்தகக் கடையில் அதைக் கையில் எடுக்கிறவர் பொல்லாத பெண்களைத் தேடித்தான் எடுப்பார்.

இந்தப் பெண்கள் கணிசமானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியாலா மன்னர் 1893இல் ஃபுளாரன்ஸ் பிரயனை மணந்தார். கபூர்தலாவுக்கு 1908இல் ஸ்பெயினிலிருந்து அனிதா டெல்காடோ வந்தார். 1928இல் அமெரிக்காவின் நான்சி மில்லர், ஏற்கெனவே முடி துறந்திருந்த இந்தூர் மன்னரை மணந்து, இந்துவாகி, சர்மிஷ்டா தேவி ஆனார். ஒவ்வொருவருக்கும் பேரரசு ஒவ்வொரு விதமாக முகம் சுளித்தது. மோலி மதம் மாறியோ பெயர் மாற்றியோ இடம் கேட்கவில்லை. அது துணிவா, இந்த மண்ணைப் பற்றிய அக்கறையின்மையா என்று எனக்கு முடிவாகத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பின்னாளைய மோலி நமக்குக் கிடைப்பது படங்களில். பிரான்சின் கான் நகரம், விருந்துகள், செசில் பீட்டன் எடுத்த புகைப்படங்கள். கணவர் இறந்த பிறகு நாற்பதாண்டுக்கு அருகே வாழ்ந்து 1967இல் கானிலேயே இறந்தார். நாற்பதாண்டு! எந்தத் தமிழ்க் கட்டுரையும் இந்த நாற்பதாண்டுக்கு இரண்டு வரிக்கு மேல் தருவதில்லை. கணவன் போனதும் கதை முடிந்துவிடுகிறது. நம் காப்பிய மரபில் வளர்ந்த வாசிப்பு அது. கணவனுக்குப் பிறகு பெண் எரிய வேண்டும், அல்லது தெய்வமாக வேண்டும். பாண்டியன் இறந்ததும் அவன் தேவியை அரியணையிலேயே விழவைத்து நாம் நிம்மதியானோம். பெருங்கோப்பெண்டு தன் முடிவைத் தானே பேசியதால் புறநானூற்றில் இடம் பெற்றாள், ஆனால் அவள் பேசியது சிதையில் ஏறுவதைப் பற்றி. விதவையான பின் அழகாக உடுத்தி விருந்துக்குப் போய் வயதாகிச் செத்த ராணிக்கு நம்மிடம் திணை இல்லை.

*

நான் இருப்பது பேத்துப்பாறையில். கொடைக்கானல் நகரத்தின் மாளிகைகளிலிருந்து இங்கே இறங்கி வருவதற்குள் காலமே மாறிவிட்டதுபோல் இருக்கும். காப்பியும் வெண்ணெய்ப்பழமும் விளையும் மலைச்சரிவு, இரவில் யானை வரும் என்று தகரம் தட்டுகிற ஊர். நகரத்தில் 'ட்ரெடிஸ்' என்று ஒரு தோட்ட மாளிகை இருக்கிறது, புதுக்கோட்டை அரச குடும்பத்தினுடையது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டிய நாளிலிருந்து கொடைக்கானல் வெள்ளைப் பெண்களைப் பார்த்துப் பழகிய ஊர். துரைசானியாக, மிஷன் டீச்சராக, கல்லறையில் பெயராக. வெள்ளைப் பெண் எஜமானியாக இருப்பதில் இந்த மலையில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. ஒரு தமிழ்நாட்டு அரசனின் மனைவியாக இருந்ததும்தான் சங்கடம் வந்தது.

மோலியின் கதையைப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். மிளகு காயவைத்துக்கொண்டே கேட்டார். முடிவில் ஒரே கேள்வி: "அந்தம்மாவுக்குச் சோத்துக்குக் கஷ்டம் வந்துச்சா டீச்சரம்மா?" இல்லை அக்கா, கடைசிவரை வசதிதான் என்றேன். "அப்ப அது என்ன நாடுகடத்துறது? எங்கம்மாவ பதினாலு வயசுல கட்டிக் கொடுத்து கீழ்மலையிலருந்து இங்க கொண்டாந்து விட்டாங்க. அது திரும்பிப் போகவே இல்ல."

பெண்ணியக் கருத்தரங்கு ஒன்றிலும் நான் கேட்டிராத விமர்சனம் இது. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன, இரண்டையும் தள்ள முடியாது. முதலாவது வர்க்கம். கானில் மோலி வாழ்ந்த வாழ்க்கைக்கான பணத்தின் ஊற்று, புதுக்கோட்டைச் சீமையின் வானம் பார்த்த பூமியும் அதில் வரி கட்டிய குடியானவர்களும். மறுக்கப்பட்ட பட்டத்துக்காக அவரோடு வருந்தும்போதே, அந்தப் பட்டம் கிடைத்திருந்தால் அதன் செலவை யார் கட்டியிருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'பெண்' என்ற ஒரு சொல்லுக்குள் ராணியையும் களையெடுக்கிறவளையும் ஒன்றாகத் தள்ளிவிடும் வாசிப்பு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது, இடப்பெயர்வு. நம் திருமணமே பெண்ணை நாடுகடத்துவதுதானே. 'வாழ வந்தவள்' என்பது நம் மருமகளுக்கான சொல். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வந்தவள். சொந்தத் தாலுகாவுக்குள் மணம் செய்துகொண்டவளும் புகுந்த வீட்டில் வேற்றுநாட்டுக்காரிதான். பிரெஞ்சுக்காரர்கள் மரீ அந்த்வானெத்தை 'ஆஸ்திரியக்காரி' என்றே சொல்லித் திட்டினார்கள். நம் வீடுகளில் ஏதாவது கெட்டுப்போனால் 'அவ வந்த நேரம்' என்கிறோம்.

ஆனால் வேற்றூர்ப் பெண் எப்போதும் ஆபத்தாகவே பார்க்கப்பட்டாளா என்றால் இல்லை. கடல் கடந்து கண்டி அரசைப் பாருங்கள். அங்கே மதுரைப் பக்கத்திலிருந்து நாயக்கர் குலப் பெண்களைக் கொண்டுபோய் அரசியாக்குவது வழக்கம். உள்ளூர்ப் பிரதானி ஒருவரின் மகளை மணந்தால் அந்தப் பிரதானியின் கை ஓங்கிவிடும். உறவு பலம் இல்லாத வேற்றூர்ப் பெண் வசதி. 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து போன அரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடி சூடினான். அப்படித் தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1815 வரை நடந்தது. அந்த வம்சமே ஒரு வேற்றுநாட்டுப் பெண் வழியாக வந்தது என்று சொல்லலாம். அவள் பெயரால் யாரும் அதை அழைப்பதில்லை. புதுக்கோட்டையில் ஆபத்தாகத் தெரிந்த அதே 'வேரற்ற தன்மை' கண்டியில் தகுதியாக இருந்திருக்கிறது. பெண்ணின் அந்நியத்தன்மைக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. யார் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது வரவாகவோ செலவாகவோ எழுதப்படுகிறது.

கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815 பிப்ரவரியில் பிடித்தார்கள். 1816 ஜனவரியில் அரசியரோடும் உறவினரோடும் கொழும்பிலிருந்து கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். மன்னன் 1832இல் அங்கே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவனுக்கு நினைவிடம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் பேசும் நிலத்திலிருந்து கண்டிக்கு மணமகளாகப் போன அந்தப் பெண்களுக்கு இந்த நாடுகடத்தல் தாய்நிலத்தை நோக்கியது. வெளியேற்றமா, திரும்பி வருதலா? கோட்டைச் சுவருக்குள் தம் மொழியைத் தெருவில் கேட்டபோது என்ன நினைத்தார்கள்? அவர்களை யாரும் கேட்கவில்லை. பறம்பு வீழ்ந்த பிறகு வெளியேறிய பாரி மகளிருக்காவது ஒரு பாடல் மிஞ்சியது. அதிலும் ஆசிரியர் பெயர் 'பாரி மகளிர்' என்றுதான், தந்தை பெயரால். தனிப்பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

*

புதுக்கோட்டைக்குத் திரும்புகிறேன், இன்னொரு பெண்ணுக்காக. மோலியைவிட எட்டு வயது மூத்தவர். 1886இல், இதே மார்த்தாண்ட பைரவர் பட்டத்துக்கு வந்த ஆண்டில், அதே ஊரில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை பிராமணர், கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோது அனுமதி கொடுத்தவர் மார்த்தாண்ட பைரவர். முத்துலட்சுமி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல், மோலியின் திருமணத்துக்கு ஓராண்டு முன்பு, டாக்டர் சுந்தர ரெட்டியைச் சாதி கடந்து மணந்தார்.

ஒரே மன்னர், ஒரே ஊர். ஒரு பெண்ணுக்குக் கல்லூரி வாசலைத் திறக்க முடிந்தவருக்கு, தாம் மணந்த பெண்ணுக்கு அரண்மனை வாசலைத் திறந்து வைக்க முடியவில்லை. கல்வி கொடுப்பதில் மன்னரின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. திருமணத்தில் சொத்தும் வாரிசும் நகர்கின்றன. எந்த வாசல் எளிதாகத் திறக்கும் என்பது அப்போதே தெளிவாக இருந்தது. நம் வகுப்பறைகளில் இன்றும் அப்படித்தான். முதுகலை வரை படிக்கவைக்கும் அப்பா, முனைவர் பட்டத்துக்கும் கையெழுத்துப் போடும் அப்பா, ஒரு பையனின் பெயரை மகள் சொன்னதும் வேறு ஆளாகிவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். விடுதியிலிருந்து சனிக்கிழமை ஊருக்குப் போய் அடுத்த பருவத்தில் திரும்பாத பெண்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு 'நீண்டகால விடுப்பு' என்று குறிப்பு.

மலையிலிருந்து இறங்கினால் பழனி, அங்கிருந்து மேற்கே போனால் உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13 அன்று அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே, பழனியைச் சேர்ந்த கௌசல்யாவை மணந்ததற்காகச் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். பிழைத்தவர் நீதிமன்றத்தில் ஏறித் தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். மோலிக்கும் கௌசல்யாவுக்கும் இடையே சாதி, வர்க்கம், காலம் என்று எத்தனையோ தூரம். அந்தத் தூரத்தை மறைக்கும் எந்த ஒப்புமையும் பொய்யாகும். இருந்தும் ஒரு விஷயத்துக்காக இருவரையும் ஒரே பாடத்தில் வைக்கிறேன். மோலியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்; அரசின் கோப்புகள், பத்திரிகைகள், புகைப்படக்காரர், வரலாற்றாசிரியர்கள். அவர் பேசியது கதையின் மையத்துக்கு வரவேயில்லை. கௌசல்யா பேசிய பிறகு 'காதலுக்காக' என்ற சொல்லுருபில் அவரை ஒளித்துவைக்க யாராலும் முடியவில்லை. எழுவாய் அவர்.

இந்த இடத்தில் மாணவிகள் ஒரு சொல்லைப் பற்றிக் கட்டாயம் சண்டை போடுவார்கள், போட வேண்டும். 'கலப்புத் திருமணம்.' கலப்பு என்றதும் காதில் விழுவது கலப்படம். பாலில் தண்ணீர். தூய்மையான இரண்டு பொருட்கள் இருந்தன, இப்போது கெட்டுவிட்டன என்ற முன்முடிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மோலியின் மகன் விஷயத்தில் பேரரசும் அரண்மனையும் நம்பியது இந்தச் சொல்லைத்தான். சுயமரியாதை மரபில் 'சாதி மறுப்புத் திருமணம்' என்றார்கள். அதில் செயல் இருக்கிறது, மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழக அரசின் உதவித் திட்டத்துக்கு இன்றும் பெயர் 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம்'. தம் திருமணத்தாலும் பிறப்பாலும் அந்தத் தூய்மைக் கணக்கைக் குலைத்த புதுக்கோட்டைப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல். உதவியின் ஒரு பகுதி தாலிக்கு 8 கிராம் தங்கம். தாலியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே வேண்டாம்.

மோலிக்கும் அவர் மகனுக்கும் கிடைக்காத அந்த அரியணை, ராஜகோபாலத் தொண்டைமானோடு முடிந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அவருடைய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமானது. இப்போது அந்த மாவட்டத்தில் சாதி கடந்து மணம் முடித்து, வீட்டாருக்குப் பயந்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கையில் மனுவோடு வரும் ஒரு பெண் போய் நிற்க வேண்டியது அந்த அரண்மனை வாசலில்.